சத்தம் போதும், பேச்சுதான் கேட்கவில்லை

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, போன தீபாவளிக்கு 43 அங்குல டிவி வாங்கினோம். படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. பேச்சுதான் புரியவில்லை. அம்மாவுக்கு 74 வயது. 'என்னடி சொன்னான் அவன்?' என்று காட்சிக்குக் காட்சி கேட்கிறார். வால்யூமை 40க்கு மேல் வைத்தால் பேச்சு கேட்கிறது. அடுத்த நிமிடம் பாட்டோ விளம்பரமோ வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். கடைக்குப் போனால் 5.1 ஹோம் தியேட்டர்தான் சரி என்கிறார் கடைக்காரர். மகன் அட்மாஸ் சவுண்ட்பார் கேட்கிறான். 6,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பு ரிச்சி தெருவில் வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் பரணில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா? எதை வாங்குவது?"

முதலில் பரண் விஷயம். எடைக்குப் போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கேயும் 'சத்தம் பத்தவில்லை' என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சு புரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் விற்கப் பார்ப்பது சத்தம், உங்களுக்கு வேண்டியது பேச்சு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழித்துவிட்டு, 'அம்மாவுக்கு இன்னும் புரியலையே சார்' என்று என் கடைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

பழைய டப்பா டிவி ஞாபகம் இருக்கிறதா? திரைக்குப் பக்கத்திலோ கீழேயோ வலை போட்ட ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருக்கும். பின்னால் ஒரு முழம் ஆழத்துக்குப் பெட்டி. இப்போது வரும் டிவி தடித்த புத்தகம் அளவுக்குத்தான் இருக்கிறது. சுற்றிலும் சட்டமே தெரியக்கூடாது என்று ஸ்பீக்கரை அடியிலோ முதுகிலோ ஒளித்துவிட்டார்கள். கீழே பார்த்துப் பேசும் ஸ்பீக்கரின் குரல் முதலில் டிவி மேசையில் மோதுகிறது, அப்புறம் சுவரில், அப்புறம் டைல்ஸ் தரையில். கடைசியில்தான் அம்மா காதுக்கு வருகிறது. ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அதே கதைதான்.

இதில் அம்மாவின் வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதாகும்போது காது எல்லா ஓசையையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஓசைகள் முதலில் போகின்றன. தமிழில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அம்மாவுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, உரக்க இல்லாமல், கடை, தடை, படை, சடை என்று கலந்து சொல்லிப் பாருங்கள். 'டை' நன்றாகக் கேட்கும். முன்னால் இருப்பது க-வா த-வா ப-வா என்பதில்தான் தடுமாறுவார். உயிரெழுத்தின் ஓசைக்கு பலம் அதிகம், வால்யூம் கொஞ்சம் இருந்தாலே வந்துவிடும். சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யோசைகள் உயர்ந்த அதிர்வெண்களில், பலமில்லாமல் இருக்கின்றன. டிவியின் ஸ்பீக்கர் அடியைப் பார்த்து இருப்பதால் வழியிலேயே தேய்ந்துபோவதும் அதே ஓசைகள்தான். இதற்கு மேல் 'டும் டும்' என்று ஒரு சப்வூஃபரைக் கொண்டுவந்து வைத்தால், அந்தக் கனத்த ஓசை மிச்சமிருக்கும் மெய்யோசையையும் மூடிவிடும். அதனால்தான் பேஸ் நிறைய உள்ள செட் வாங்கிய வீடுகளில் தாத்தா பாட்டிகள் முன்னைவிட அதிகமாக 'என்ன சொன்னான்?' என்று கேட்கிறார்கள்.

அந்தச் சோதனையில் அம்மா ரொம்பவே தடுமாறினால், ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு ஆடியோகிராம் (எந்த ஓசை எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். சில சமயம் அடைத்துக்கொண்ட காதுக் குறும்பியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதை என்னால் ஸ்பீக்கர் வைத்துத் தீர்க்க முடியாது.

சரி, காசு செலவில்லாத வேலைகள் சில இருக்கின்றன. இன்றைக்கு ராத்திரியே செய்துவிடலாம். டிவியின் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போங்கள். 'ஸ்டாண்டர்ட்', 'மூவி', 'மியூசிக்' என்று முறைகள் இருக்கும். அவற்றோடு 'கிளியர் வாய்ஸ்', 'ஸ்பீச்', 'நியூஸ்' என்று ஏதாவது ஒரு பெயரில் பேச்சுக்கென்று ஒரு முறையும் இருக்கும், அதை வையுங்கள். 'சரவுண்ட்' என்று எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். பேச்சைத் தூக்கி, பாட்டையும் சண்டையையும் கொஞ்சம் அமுக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பது அதிலேயே குறையும்.

ஓடிடி ஆப்களில் படம் பார்ப்பீர்கள் என்றால் இன்னொன்று. தியேட்டருக்காகச் செய்த 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் என்று ஆறு பாகமாகப் பிரித்த ஒலியில், பேச்சின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் ஒரு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கர் என்று ஒன்று கிடையாது. ஆறு பாகத்தையும் இரண்டாக மடிக்கும்போது பேச்சு அடங்கி, பின்னணி இசை மேலே வந்துவிடுகிறது. ஆப்பில் ஒலி மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 5.1 என்றும், 5.1 போடாமல் வெறும் மொழிப் பெயராகவும் இரண்டு இருந்தால், 5.1 போடாததைத் தேர்ந்தெடுங்கள். சீரியலுக்கு இந்த வைத்தியம் உதவாது. மாமியார் திரும்பிப் பார்ப்பதை மூன்று தடவை காட்டி மூன்று தடவையும் இடி இடித்தால் அதற்கு நான் என்ன செய்ய?

மின்விசிறியையும் கவனியுங்கள். அம்மாவின் நாற்காலி விசிறிக்கு நேர் கீழே இருக்கிறதா? 5-ல் ஓடும் விசிறியின் இரைச்சல் அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது, டிவி பத்தடி தள்ளி இருக்கிறது. நாற்காலியை மூன்றடி முன்னால் நகர்த்தி விசிறியை 3-க்கு வைத்தாலே வால்யூமை ஐந்தாறு புள்ளி குறைக்கலாம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை என்றால் அறை முழுக்க எதிரொலி. டிவிக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னலில் கனமான திரை போடுங்கள். சிரிக்காதீர்கள், பெரிய ஸ்டூடியோக்களில் செய்வதும் இதைத்தான், காசு அதிகம் போட்டு.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் ஸ்பீக்கருக்கு வருவோம்.

கடைக்காரர் சொல்லும் 5.1. ஐயாயிரம், ஆறாயிரத்துக்குக் கிடைக்கும் 5.1 செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒலி உள்ளே போகும் இடத்தில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டே இரண்டு துளைகள் இருந்தால், அதற்குள் போவது வெறும் இரண்டு பாகம்தான். ஆப்டிகலோ (ஒளி வழியாக டிஜிட்டல் ஒலி வரும் துளை) எச்.டி.எம்.ஐ-யோ, அதோடு ஒலியைப் பாகங்களாகப் பிரித்துக் கொடுக்கும் டால்பி டிகோடரும் இல்லாமல் உண்மையான 5.1 வராது. அந்த இரண்டு பாகத்தையே ஐந்து பெட்டிக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும். முன்னால் பேசுகிறவரின் குரல் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலும் கேட்கும், அவ்வளவுதான். அந்த ஐந்தும் உள்ளங்கை அளவுப் பெட்டிகள், உள்ளே ஒற்றைச் சின்னக் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு). கலர் லைட் மட்டும் குறைவில்லாமல் எரியும்.

மகன் கேட்கும் அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போலக் காட்டும் வசதி. அது நல்ல விஷயம்தான், ஆனால் கூரையைப் பார்த்து ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் உள்ள சவுண்ட்பார்களுக்கு (டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஒற்றைப் பெட்டி). உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு போட்டாலும் பெரும்பாலும் கிடைப்பது பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்தான். தம்பி வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கட்டும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கையும் நம்ப வேண்டாம். பி.எம்.பி.ஓ என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஆர்.எம்.எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். அதையும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. செட்டோடு வரும் அடாப்டரை எடுத்து அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 24 வாட். 24 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து 100 வாட் தொடர்ந்து வெளியே வராது. அதோடு, வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, லேசாகத்தான் கூடும். உங்கள் ஹால் அளவு வீட்டில், பேச்சு கேட்கும் வால்யூமில், நல்ல ஸ்பீக்கர் சராசரியாக ஒரு வாட்கூடச் சாப்பிடாது. ஆர்.எம்.எஸ் கணக்கில் 20 வாட் இருந்தாலே உங்களுக்குத் தாராளம்.

இப்போது பரண். மரப்பெட்டி, இரண்டு, முன்பக்கத்தில் பெரிய கோனும் அதற்கு மேலே உயர்ந்த ஓசைக்கென்று சின்ன ட்வீட்டரும் இருக்கின்றன என்றால், இன்றைக்கு ஆறாயிரத்துக்குக் கிடைக்கும் பெரும்பாலான செட்டைவிடப் பேச்சு அதில் தெளிவாக இருக்கும். இறக்கித் துடைத்துவிட்டு, முன்வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பரோ துணியோ என்றால் அநேகமாக நன்றாக இருக்கும். ஃபோம் என்றால் தொட்ட இடம் பழைய பிஸ்கட் மாதிரி உதிரும். உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், ரீகோனிங் செய்கிறவர்கள் வளையத்தை மட்டும் மாற்றித் தருவார்கள், ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அடுத்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு பென்டார்ச் செல்லை எடுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள இரண்டு ஒயர்களை அதன் இரு முனையிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். 'டப்' என்று சத்தம் வந்து கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. செல்லின் பிளஸ் முனையில் சிவப்பு ஒயர் இருக்கும்போது கோன் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

ஆம்ப்ளிஃபையரை மட்டும் நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். பல வருடம் கரண்ட் பார்க்காத செட், உள்ளே கண்டன்சர் காய்ந்திருக்கலாம், பல்லி குடும்பம் நடத்தியிருக்கலாம். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து சீரிஸ் பல்பு போட்டு ஏற்றச் சொல்லுங்கள். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து செட்டைக் காப்பாற்றிவிடும். அந்தக் கால ரிச்சி தெரு அசெம்பிள் செட் என்றால் 4440 அல்லது 2030 ஐ.சி. (ஒலியைப் பெருக்கும் சிப்) இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் இன்றும் கிடைக்கின்றன, விலையும் பெரிதில்லை. வால்யூம் திருப்பும்போது 'கரகர' என்றால் கன்ட்ரோலைச் சுத்தம் செய்தால் போதும். இத்தனையும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் கேட்டால் ஆம்ப்பை விட்டுவிட்டு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் புது ஆம்ப் போர்டு ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால், ஒரு பக்கம் ஹெட்ஃபோன் பின், மறுபக்கம் சிவப்பு வெள்ளை பின் உள்ள ஒயர் வாங்கி, ஆம்ப்பில் 'ஆக்ஸ்' என்று இருக்கும் இடத்தில் செருகுங்கள். 'ஃபோனோ' என்று இருக்கும் இடத்தில் வேண்டாம், அது இசைத்தட்டுக்கு. ஹெட்ஃபோன் துளையின் நல்ல குணம், பெரும்பாலான டிவிகளில் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் மாறும். அம்மா கையில் ஒரே ரிமோட். புது டிவிகள் சிலவற்றில் இந்தத் துளை இருக்காது, ஆப்டிகல் மட்டும் இருக்கும். அப்போது ஆப்டிகலை சிவப்பு வெள்ளையாக மாற்றும் குட்டிப் பெட்டி ஒன்று வேண்டும். டிவி செட்டிங்ஸில் டிஜிட்டல் ஒலியை 'பி.சி.எம்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தமே வராது, வந்தாலும் வெறும் இரைச்சலாக வரும். இந்த வழியில் டிவி ரிமோட்டில் வால்யூம் பெரும்பாலும் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணைத்ததும் 'உர்ர்' என்று ஒரு முனகல் கேட்டால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றவாளி கேபிள் வழியாக வரும் எர்த் கோளாறுதான். ஒலி ஒயரின் நடுவில் செருக கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னச் சாமான் கிடைக்கும், வாங்கிப் போட்டால் அடங்கிவிடும்.

பரண் செட் தேறவில்லை என்றால் புதிது வாங்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டு தனிப் பெட்டியாக, ஆம்ப் உள்ளேயே இருக்கிற 2.0 ஸ்பீக்கர். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வரிசையில் வைத்திருப்பார்கள், டிவி பகுதியில் தேடினால் கிடைக்காது. எடிஃபையர் ஆர்1280டி மாதிரி நாலங்குலக் கோனும் தனி ட்வீட்டரும் உள்ள ஜோடி என்றால் பல வருடம் வரும், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது. அதற்குக் கீழே மூன்றாயிரம், நாலாயிரத்திலும் ஜோடிகள் உண்டு, ட்வீட்டர் தனியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அம்மா தனியாக டிவி போட்டுப் பார்க்கிறவர், ஒயர் ரிமோட் எதிலும் குழப்பம் கூடாது என்றால், ஏ.ஆர்.சி உள்ள சவுண்ட்பார். டிவியின் எச்.டி.எம்.ஐ துளைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் 'ஏ.ஆர்.சி' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ ஒயரிலேயே வெளியே அனுப்பும் வசதி இது, 2009ல் வந்தது, உங்கள் டிவியில் இருக்கும். அந்தத் துளையிலிருந்து பாருக்கு ஒரே ஒயர். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று இருப்பதை ஆன் செய்துவிட்டால் டிவியை அணைத்தால் பாரும் அணையும், வால்யூமும் டிவி ரிமோட்டில். செட்டாப் பாக்ஸை இன்னொரு எச்.டி.எம்.ஐ துளையில் போடுங்கள். சப்வூஃபர் இல்லாத பாராக எடுங்கள், அந்தக் காசு முன்னால் உள்ள ஸ்பீக்கருக்குப் போகட்டும். வாங்குவதற்கு முன் டிவி காலின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து கொண்டுபோங்கள். பார் அதைவிட உயரமாக இருந்தால் டிவியின் அடிவிளிம்பில் இருக்கும் சென்சாரை மறைத்துவிடும். ரிமோட் கெட்டுப்போச்சு என்று புது ரிமோட் இரண்டு வாங்கிய பிறகு என்னைக் கூப்பிட்ட ஒரு வீட்டில், நான் செய்த வேலை பாரை மூன்று விரல் கீழே இறக்கியதுதான். கூலி வாங்க வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

புளூடூத் மட்டும் உள்ள ஸ்பீக்கர் டிவிக்கு வேண்டாம். உதடு ஒரு நேரம், சொல் ஒரு நேரம் என்று வரும். காது மங்கியவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள், அதையும் கெடுத்துவிடும்.

கடையில் சோதித்துப் பார்க்கும்போது அவர்கள் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அந்தப் பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் செல்லில் செய்தி வாசிப்பு ஒன்றும், ஒரு வயதானவர் மெதுவாகப் பேசும் காட்சி ஒன்றும் எடுத்துப் போங்கள். பேஸைக் குறைத்து, வால்யூமையும் குறைத்து, எட்டடி தள்ளி, கடை விசிறி ஓடும்போது கேளுங்கள். முடிந்தால் அம்மாவையே கூட்டிப் போங்கள், உங்கள் காது இதற்குச் சாட்சி ஆகாது.

வீட்டில் பெட்டிகளை ஷோகேஸ் மாடத்துக்குள் தள்ளி வைக்காதீர்கள், பானைக்குள் பேசுவது போல இருக்கும். மேசையின் முன்விளிம்புக்கு இழுத்து, டிவிக்கு இரு பக்கமும், அம்மா உட்காரும்போது அவர் காது இருக்கும் உயரத்தில், அவர் முகத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் பெட்டியின் முன்னடியில் இரண்டு அழிரப்பரை வைத்து லேசாக நிமிர்த்துங்கள், உங்கள் பள்ளிக்கூடப் பையில் இல்லாததா! செய்தி வாசிப்பவரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், திரையிலிருந்தே வருவது போல் கேட்க வேண்டும். அப்படி இல்லாமல் அறை முழுக்கக் கலைந்து கேட்டால், ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு கறுப்பு ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பெட்டிகளை இறக்கும்போது வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், மரப்பெட்டி நல்ல கனம் இருக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓம், வாட் என்று ஏதாவது எண் இருந்தால் செல்லில் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ஆம்ப் அதற்குப் பொருந்தும் என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.